குழந்தையின் நாடியும் வன்னியின் சிரங்கும்

வன்னி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பலருக்குக் குளமும் நெல்வயலும் அடர்ந்த காடும் நினைவுக்கு வரும். வரலாறு கற்றவர்களுக்கோ இவற்றோடு நோயும் நினைவுக்கு வரும். வன்னியின் குடித்தொகை குன்றியமை பற்றி லூஸ் என்னும் வைத்தியர் 1868 ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கை எழுதினார். சிவில் சேவை அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். அக்காலத்து வன்னியிலே காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் ஊர்களைத் தின்றுகொண்டிருந்தன. குளம் உடைந்த ஊரும், குடி ஒழிந்த ஊரும், இவ்விரு நோய்களும் ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள்.

பறங்கிப் புண்ணைப் பெனிசிலின் வென்றது. மலேரியாவோ நூற்றாண்டுக் காலப் போராட்டத்தின் பின் ஒழிந்தது. 2012 ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டிலே உள்ளூரில் தொற்றிய மலேரியா காணப்படவில்லை என்பதால், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இவை நாம் பெருமைப்படத்தக்க வெற்றிகள்.

ஆயினும், நேயர்களே, இவ்வெற்றிகள் யாவும் கண்ணுக்குத் தெரிந்த நோய்களின் மீது பெற்ற வெற்றிகள். புண்ணைக் கண்ணால் காணலாம். காய்ச்சலைக் கையால் தொட்டறியலாம். காணவும் தொடவும் இயலாத ஒன்றுண்டு. அதனை ஊரிலே 'பிறசர்' என்பர். நூலிலே உயர் இரத்த அழுத்தம் என்பர். அது வயது முதிர்ந்தோரின் நோய் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். குழந்தைக்கும் அது வரும் என்று சொன்னால், "பச்சைப் பிள்ளைக்குப் பிறசரா?" என்று வியப்பார்கள். அந்த வியப்பினால் ஏற்படும் தாமதம் சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாகிவிடும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். துணுக்காய்ப் பக்கத்திலோ நெடுங்கேணிப் பக்கத்திலோ ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவனுக்குக் காலிலும் கையிலும் சிரங்கு வந்தது. மூன்று, நான்கு வாரங்களில் அது காய்ந்து உதிர்ந்தது. தாய் அதனை மறந்தும் போனாள். பின்னர் ஒரு நாட்காலையிலே பிள்ளையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கக் கண்டாள். சிறுநீர் குறைந்து, பால் கலவாத தேநீரின் நிறத்திலே போயிற்று. பிள்ளை தலையிடி என்று சொன்னான், வாந்தியும் எடுத்தான். மறுநாள் அவனுக்கு வலிப்பு வந்தது. வீட்டில் உள்ளோர் அதனைக் காக்கை வலிப்பென்று எண்ணலாம். பேய்க்குற்றம் என்றும் எண்ணலாம். உண்மையோ வேறு. சிரங்கிலிருந்த கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படையே சிறுநீரகத்தையும் புண்படுத்தியது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற இயலாது திணறியது. இரத்த அழுத்தம் உயர்ந்து மூளையைத் தாக்கியது. கையிலே ஒரு பட்டியைச் சுற்றி இரண்டு நிமிடம் அளந்திருந்தால், வலிப்பு வருமுன்னரே இதனை அறிந்திருக்கலாம்.

அந்தப் பட்டி எவ்வாறு வந்தது, அது குழந்தையின் கைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலமாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். குதிரையின் நாடியிலே குழாயைச் செருகி, அதிலே இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகின்றது என்று பார்த்து, 1733 இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இம்முறை ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. இலண்டன் கைஸ் வைத்தியசாலையிலே பணியாற்றிய ரிச்சர்ட் பிரைற், உடல் வீங்கி, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கலந்து இறந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருப்பதை 1827 இல் எழுதினார். 1836 இல், அத்தகையோரின் இதயம் பருத்திருப்பதையும் குறிப்பிட்டார். நுண்ணிய குழாய்களினூடே இரத்தத்தைச் செலுத்த இதயம் மிகையாக உழைத்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அளக்கும் கருவி ஏதும் இல்லாமலே, சிறுநீரகத்தையும் இதயத்தையும் இணைத்த பேரறிவு அது.

அடுத்து வருபவர் நம் கவனத்துக்கு மிகவும் உரியவர். பிரெடெரிக் அக்பர் மஹோமெட் என்பது அவர் பெயர். பாட்னாவிலே 1759 இல் பிறந்து, இங்கிலாந்து சென்று, 1810 இல் இலண்டனிலே இந்திய உணவுச்சாலை ஒன்றைத் திறந்த சேக் தீன் மஹோமெட்டின் பேரர் இவர். 1849 இல் பிறந்த இவரும் கைஸ் வைத்தியசாலையிலேயே பயின்றார். நாடித் துடிப்பைப் புகையேற்றிய தாளிலே கோடாக வரையும் கருவி ஒன்று அப்போது இருந்தது. அதனை இவர் திருத்தி அமைத்தார். பின்னர் இலண்டன் காய்ச்சல் வைத்தியசாலையிலே செங்காய்ச்சல் நோயாளரின் நாடியை அக்கருவியால் ஆராய்ந்தார்.

செங்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றும் நோய். தொண்டையில் ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமியால் வருவது. அக்கிருமியின் செயலை அக்காலத்தார் அறியார். மஹோமெட் கண்டது இதுவே: சிறுநீரில் அல்புமின் தோன்றுமுன்னரே, உடல் வீங்குமுன்னரே, நாடியின் அழுத்தம் உயர்ந்துவிடுகின்றது. 1874 இல் இதனை அவர் வெளியிட்டார். நோயின் விளைவு என்று கருதப்பட்ட அழுத்தம் நோயின் முன்னறிவிப்பு என்று காட்டியது அக்கட்டுரை. சிறுநீரகம் கெடாதவர்களுக்கும் அழுத்தம் உயரலாம் என்பதைப் பின்னர் அவரே எடுத்துரைத்தார். 1884 இல், முப்பத்தைந்தாம் வயதிலே, நெருப்புக்காய்ச்சலுக்கு அவர் இரையானார்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தத்தின் வரலாறு முதியோரிடத்தில் மட்டும் தொடங்கவில்லை. அதன் முதல் அத்தியாயங்களுள் ஒன்று காய்ச்சலுற்ற பிள்ளைகளின் கட்டிலருகே எழுதப்பட்டது. நமது துணுக்காய்ச் சிறுவனின் நோயும் அந்த இலண்டன் பிள்ளைகளின் நோயும் ஒன்றே. அங்கே கிருமி தொண்டை வழியாக வந்தது. இங்கே தோலின் வழியாக வருகின்றது. அவ்வளவே வேற்றுமை.

இனிக் கருவியின் கதைக்கு வருவோம். 1896 இல் இத்தாலியின் தூரின் நகரிலே ரீவா ரொச்சி என்னும் வைத்தியர், கையைச் சுற்றி இறுக்கும் இறப்பர்ப் பட்டியையும் இரசக் குழாயையும் இணைத்து, நோயாளியை வருத்தாமல் அழுத்தத்தை அளந்தார். சைக்கிள் ரியூப்பினால் செய்த பட்டி என்று சொல்லப்படுகின்றது. அது மிகவும் ஒடுங்கியது. ஒடுங்கிய பட்டி பெரிய கையில் உண்மையிலும் கூடிய அளவைக் காட்டும் என்பதை 1901 இல் ஜேர்மனியரான ரெக்லிங்ஹௌசன் காட்டி, அகன்ற பட்டியைப் புகுத்தினார். ஆகவே கருவி பிறந்து ஐந்தாண்டுக்குள்ளேயே ஒரு பாடம் கற்பிக்கப்பட்டுவிட்டது. பட்டியின் அளவு கையின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் கருவி பொய் சொல்லும்.

ரீவா ரொச்சியின் முறையிலே விரலால் நாடியைத் தொட்டு மேல் எண்ணை மட்டுமே அறியலாம். கீழ் எண்ணைத் தந்தவர் ரஷ்ய அறுவை வைத்தியர் நிக்கொலாய் கொரொற்கொவ். ரஷ்ய யப்பானியப் போரிலே மஞ்சூரியாவுக்குச் சென்று, காயமுற்ற படைவீரரின் நாடிகளை ஆராய்ந்தவர் அவர். காயம்பட்ட நாடியின்மேல் ஸ்தெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட பழக்கமே, இறுக்கிய பட்டியின் கீழே எழும் ஒலிகளைக் கேட்க அவரைத் தூண்டியது. 1905 இல் ஒரு பக்கத்துக்கும் குறைந்த சிறு குறிப்பாக இதனை வெளியிட்டார். போரின் காயத்திலிருந்து உலகெங்கும் உயிர் காக்கும் ஒரு முறை பிறந்தது என்பதைப் போரின் துயரை அறிந்த வன்னி மக்கள் எளிதில் உணர்வர்.

கருவி கிடைத்துவிட்டது. எனினும் குழந்தைகள் நெடுங்காலம் மறக்கப்பட்டனர். காரணம், 120க்கு 80 என்ற எண். அது எல்லார் மனத்திலும் பதிந்த எண்; ஆனால் வளர்ந்தவர்களின் எண். குழந்தையின் அழுத்தம் வயதோடும் உயரத்தோடும் ஏறிவரும். ஆகவே குழந்தைக்கு ஒரே எண் கிடையாது. ஒரே வயதும் ஒரே உயரமும் உள்ள நூறு பிள்ளைகளை அழுத்தத்தின் வரிசையிலே நிறுத்தினால், தொண்ணூற்றைந்தாம் இடத்திலோ அதற்கு மேலோ நிற்பவரின் அழுத்தமே உயர்ந்தது எனப்படும். இத்தகைய அட்டவணைகளை ஆராய்ந்து வகுத்த முதற் பெரும் அறிக்கை அமெரிக்காவிலே 1977 இல் வந்தது. மஹோமெட்டின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே நூற்றுமூன்று ஆண்டுகள்! அவ்வறிக்கை 1987, 1996, 2004 ஆகிய ஆண்டுகளிலே புதுக்கப்பட்டது. 2017 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் புதிய நெறிமுறையை வெளியிட்டது.

அந்நெறிமுறை தரும் சில எண்களைச் சொல்கிறேன். ஐந்து வயது ஆண் பிள்ளைக்கு 103க்கு 63 என்ற அளவையும், பத்து வயதுப் பிள்ளைக்கு 108க்கு 72 என்ற அளவையும் எட்டினால், மேலும் ஆராய வேண்டும். பதின்மூன்று வயதிலிருந்து 120க்கு 80 என்பது எச்சரிக்கை அளவு. 130க்கு 80 என்பது உயர் அழுத்தத்தின் தொடக்கம். ஆகவே மேல் எண் 120 என்று காட்டும்போது, தந்தைக்கு அது பயமற்ற எண். சராசரி உயரமுள்ள பத்து வயது மகனுக்கோ, திரும்பத் திரும்ப அவ்வாறே காட்டினால், அது நோய். ஒரே எண் இருவருக்கு இரு பொருள் தருகின்றது!

பட்டியிலும் இதே வம்பு உண்டு. பட்டியின் உள்ளே காற்று நிரம்பும் பை, புயத்தின் சுற்றளவில் நாற்பது வீதமாவது அகலமும் எண்பது வீதமாவது நீளமும் உடையதாக இருத்தல் வேண்டும். வளர்ந்தவருக்குரிய பட்டியைச் சிறு பிள்ளையின் மெலிந்த கையிலே சுற்றினால், உயர்ந்த அழுத்தமும் தாழ்ந்ததாகத் தோன்றும். அதாவது, நோய் இருந்தும் இல்லை என்று கருவி சாட்சி கூறும். அளக்காமல் விடுவதிலும் இது கேடானது. அளந்தோம் என்ற நிம்மதியையும் அது தந்துவிடுகின்றது. ஆகவே பிள்ளைகளைப் பார்க்கும் இடம் எதுவாயினும், அங்கே சிறிதும் பெரிதுமாகப் பல பட்டிகள் இருத்தல் இன்றியமையாதது.

அளக்கும் முறையும் உண்டு. பிள்ளை ஐந்து நிமிடம் அமைதியாக, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட அமர்ந்திருக்க வேண்டும். வலது கையிலே அளக்க வேண்டும். ஏனெனில் பெருநாடி பிறவியிலேயே ஒடுங்கியிருந்தால் இடது கை தவறான அளவைத் தரக்கூடும். அழுகின்ற பிள்ளையிடம் எடுத்த எண்ணை நம்பலாகாது. நோய்க்குறி ஏதும் இல்லாத பிள்ளையை மூன்று வெவ்வேறு நாட்களிலே அளந்த பின்னரே உயர் அழுத்தம் என்று பெயரிட வேண்டும். வீங்கிய முகமும் தலையிடியும் வாந்தியும் உள்ள பிள்ளைக்கோ இந்தப் பொறுமை கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மறுபடியும் வன்னிக்குத் திரும்புவோம். சிரங்கினால் வரும் சிறுநீரக அழற்சி வெப்ப நாடுகளுக்கெல்லாம் பொதுவானது. இந்தியத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் தென் திரினிடாட்டிலே, 1960களிலும் அதன் பின்னரும் அலையலையாக இந்நோய் வந்தது. தோற்புண்ணும் சொறியும் அதற்கு வழிவகுத்தன என்று அங்கே ஆராய்ந்த வைத்தியர்கள் கண்டனர். சொறி நெருக்கத்தை விரும்பும் நோய். ஒரே பாயிலே பலர் படுக்கும் இடத்தில், குளிக்க நீர் குறைந்த இடத்தில் அது பரவும். 2009 இல் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிலே ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அம்முகாம் 2012 இல் மூடப்பட்டது. ஆயினும் நெருக்கமும் நீர்ப்பஞ்சமும் எங்கே தோன்றினாலும், வெள்ளக்கால இடைத்தங்கல் நிலையமாயினும் விடுதியாயினும், சொறியும் அங்கே தோன்றும்.

ஆகவே இந்நோயின் சிகிச்சை வைத்தியசாலைக்கு வெளியே தொடங்குகின்றது. சொறி கண்ட பிள்ளைக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நாளிலே மருந்து பூசுதல் வேண்டும். உடையும் படுக்கையும் வெந்நீரில் துவைத்து வெயிலிலே உலர்த்தப்படல் வேண்டும். சிரங்கு ஆறிய பின்னரும் ஆறு வாரம் வரையில் பிள்ளையின் முகத்தையும் சிறுநீரின் நிறத்தையும் தாய் கவனித்து வரல் வேண்டும். நோய் வந்துவிட்டால், உப்பையும் நீரையும் அளவாக்கி, சிறுநீர் பெருக்கும் மருந்தும் அழுத்தம் குறைக்கும் மருந்தும் கொடுத்து, எஞ்சிய கிருமிக்குப் பெனிசிலினும் கொடுப்பர். வேளைக்கு வந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் சில வாரங்களில் முற்றாகக் குணமடைவர். இந்நோய் கொடியது, ஆனால் குணமாக்கத்தக்கது. வேளையோடு அறிதல் ஏன் இத்தனை முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

மருந்தின் வரலாற்றிலும் நம் பக்கத்து நாட்டுக்குப் பங்குண்டு. ஆயுர்வேத வைத்தியர் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை, பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அதிலிருந்து 1952 இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்தை, 1950களிலே சிறுநீரக அழற்சியுற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்தனர். மனச்சோர்வு முதலிய தீமைகளினால் அது பின்தள்ளப்பட்டது. பின்னர் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்த கப்ரொப்ரில் 1981 முதல் வழக்குக்கு வந்தது. அதன் இனத்து மருந்துகளே இன்று பிள்ளைகளின் நீடித்த உயர் அழுத்தத்துக்கு முதன்மையாகப் பயன்படுவனவற்றுள் அடங்கும். முதலிலே பாம்பின் பெயர் தாங்கிய வேர். அடுத்துப் பாம்பின் நஞ்சே! எனினும் இவை வைத்தியரின் கண்காணிப்பிலே கொடுக்கப்பட வேண்டியவை. பாட்டியின் பிறசர்க் குளிசையைப் பாதியாக உடைத்துப் பேரனுக்குக் கொடுத்தல் பெருந்தவறு.

சிரங்கு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றினால் தழும்பேறிய சிறுநீரகம், ஒடுங்கிய நாடி, சுரப்பிகளின் கோளாறு என்பனவும் சிறு பிள்ளைகளிடத்திலே காரணமாகும். எனவேதான் சிறு பிள்ளைக்கு அழுத்தம் உயர்ந்தால், வைத்தியர் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, சிறுநீரகத்தையும் இதயத்தையும் படம் பிடித்துப் பார்ப்பர். நிறை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்திலே உயர் அழுத்தத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி என்பதை இங்கிலாந்தின் டேவிட் பாக்கர் 1980களின் இறுதியிலே எடுத்துக்காட்டினார். போரின் இறுதிக் காலத்திலே கருவிலிருந்து பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதினர். அவர்களுள் நிறை குறைந்து பிறந்தவர்களின் கையிலே ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்தப் பட்டியைச் சுற்றிப் பார்ப்பது நமது கடன்.

பதின்ம வயதினரிடத்தே மற்றொரு வகையும் பெருகி வருகின்றது. உடல் பருத்தல், ஓடி விளையாடாமை, உப்பு மிகுந்த உணவு என்பனவற்றால் வருவது அது. ஆனையிறவிலே உப்பு விளைவித்த நாடு நமது. போரினால் வெறிச்சோடிக் கிடந்த அவ்வுப்பளம் மீண்டும் விளைவது கண்டு மகிழ்கின்றோம். ஆனால் அந்த உப்பு பிள்ளையின் தட்டிலே மிகுதல் மகிழ்ச்சிக்குரியதன்று. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. பிள்ளைக்கு அதனிலும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் போதாவென்று, பைக்கற்றில் அடைத்த நொறுக்குத் தீனியும் உடனடி நூடில்சும் இன்று சேர்ந்துகொண்டன. பைக்கற்றின் மேலே உப்புக்குச் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பிள்ளைகளுக்கே பார்க்கக் கற்பிக்கலாம். இவ்வகை அழுத்தத்துக்கு, ஆபத்தான அளவாக இல்லாவிடில், முதல் மருந்து நாள்தோறும் வியர்க்க விளையாடுதலும் உணவைத் திருத்துதலுமே. சில மாதங்களில் குறையாவிட்டால்தான் குளிசை.

மேலும் ஓர் எச்சரிக்கை. காரணம் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலே வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. அதன் எல்லையை அடுத்த வவுனியாவும் அந்நோய் கண்ட மாவட்டங்களுள் ஒன்று. அந்நோயின் தொடக்கத்திலே பலருக்கு அழுத்தம் உயர்வதில்லை. ஆகவே பட்டி நல்ல எண்ணைக் காட்டியது என்பதற்காகச் சிறுநீர்ச் சோதனையைக் கைவிடலாகாது. ஒன்று மற்றொன்றுக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. கிராமந்தோறும் குடும்பநல மாது செல்கிறார். பாடசாலைகளிலே மருத்துவப் பரிசோதனை நடைபெறுகின்றது. லூஸ் அறிக்கை எழுதிய காலத்து வன்னிக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. வேண்டியது இனிப் பெரிய யந்திரம் அன்று. உயரமும் நிறையும் பார்க்கும் அதே மேசையிலே, பிள்ளையின் கைக்குப் பொருந்திய பட்டியும், வயதுக்கேற்ற அட்டவணைத் தாளும் இருந்தால் போதும். தாய்மாரிடமிருந்து வேண்டியதோ ஒரு கேள்வி மட்டுமே. முகம் வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்தோ பூநகரியிலிருந்தோ வைத்தியசாலை வாசலை மிதிக்கும் தாய், "ஐயா, பிள்ளைக்குப் பிறசர் பாத்தாச்சோ? சின்னப் பட்டியாலையோ பாத்தது?" என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அக்பர் மஹோமெட் காய்ச்சலுற்ற பிள்ளைகளின் நாடியைப் பார்த்து, வீக்கம் வருமுன்னரே ஆபத்தை வாசித்தார். அவரிடம் இருந்தது புகையேற்றிய தாள் ஒன்றே. நம்மிடமோ எல்லாம் இருக்கின்றன. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற நினைவு ஒன்றே குறை. அந்த நினைவு இந்தப் பேச்சைக் கேட்ட ஒரு வீட்டிலேனும் நிலைத்தால், அங்கே ஒரு பிள்ளை காக்கப்படும்.